பல்லாவரத்துக் கருங்கல்லுக்குக் கல்கத்தாப் பெயர்

எங்கள் வீட்டு அம்மிக்கு ஓர் ஆங்கிலேயரின் பெயர் உண்டு என்பது எனக்கு முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து நகக்கண்ணில் ஏறிய சிராய்போல அது உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டி பல்லாவரத்துக்குக் குடிவந்த புதிதில், திரிசூலம் மலையடிவாரத்தில் கல் கொத்திக்கொண்டிருந்தவர்களிடம் அரை நாள் பேரம் பேசி வாங்கிய அம்மி அது. மிளகாயும் மஞ்சளும் தேங்காயும் தீபாவளி மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் அரைத்து அரைத்து நடுவில் லேசாகக் குழி விழுந்திருக்கும். நிலவியல் பேராசிரியராக இருக்கும் நண்பர் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், கொல்லைப்புறத்தில் கிடந்த அம்மியைக் காலால் தொட்டுக் காட்டி, “இது அசல் சார்னோக்கைட். கிழக்கிந்தியக் கம்பெனியில் ஜோப் சார்னாக் என்று ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் இருக்கும் அவருடைய கல்லறைக்கல் இந்தப் பாறைதான். அதனால் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள்” என்றார். பக்கத்தில் நின்ற அம்மா, “காலால் காட்டாதீர்கள், அம்மி மகாலட்சுமி” என்றார். எனக்கு எரிச்சல் வந்தது வேறு காரணத்துக்காக.

எங்கள் ஊர் மலை, எங்கள் ஊர்க்காரர்கள் பிளந்த கல். அதைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய் ஒரு கம்பெனிக்காரரின் மேல் கவிழ்த்தார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து இன்னோர் ஆங்கிலேயர் அதைப் பார்த்துச் செத்தவர் பெயரைச் சூட்டினார். இன்று நார்வேயிலோ அண்டார்டிகாவிலோ அதே வகைப் பாறையைக் கண்டாலும் சார்னோக்கைட் என்றுதான் எழுதுகிறார்கள். ‘பல்லாவரைட்’ என்று வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பேருந்திலும் கல்யாண வீடுகளிலும் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் சாம்பார் வாளி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

மதிய வெடி

பல்லாவரம், பம்மல், திரிசூலம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கல்குவாரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிவப்புக் கொடி, விசில், பிறகு ஒரு கணம் காது அடைத்ததுபோல அமைதி, அதன் பிறகு தரை வழியாக ஏறி வரும் அதிர்வு. வெடிச்சத்தத்துக்கு முன்பே அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். லாரிகள் புழுதி பறக்கப் போகும். பாறைச் சரிவில் ஓலைப் பந்தலுக்குக் கீழே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். பழைய டயரை வெட்டிய வளையத்துக்குள் கல்லை நிறுத்திச் சுத்தியலால் அடிப்பார்கள்; சில்லு கண்ணில் தெறிக்காமலிருக்கத்தான் அந்த வளையம். ஒன்றரை இன்ச், முக்கால் இன்ச் என்று அளவு சொன்னால் போதும், அளவுகோல் இல்லாமல் கை அறியும். சென்னையின் எத்தனை தளங்கள் அந்த வளையங்களுக்குள்ளிருந்து எழும்பின என்று கணக்குப் போட்டவர் யாருமில்லை.

இந்த மலைகளைக் கல்லுக்காகத் தொட்டது நேற்று முந்தாநாள் நடந்த காரியமில்லை. பல்லாவரத்தில் ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் குடைந்த ஐந்து அறைக் குடைவரை இருக்கிறது. இன்று அது தர்கா. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டிப் பெருமைப்பட்டுக்கொண்ட அதே மன்னன். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. இந்தக் கல்லில் உளி வைத்துப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

குவாரி ஓரத்துப் பிள்ளைகளான எங்களுக்கென்று ஒரு கனிமவியல் இருந்தது. பாறையில் பட்டைபட்டையாக ஓடுவது வெள்ளைக்கல். இருட்டில் இரண்டு வெள்ளைக்கல்லை உரசினால் மின்னும், தீய்ந்த வாசனை வரும். ஏடு ஏடாக உரிவது காக்காப்பொன். அதைப் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று மயிலிறகுக்குப் போட்டியாக ஒரு கட்சி இருந்தது. சில பாறைகளில் மாதுளை முத்துப்போலச் சிவப்பு மணிகள் பதிந்திருக்கும். ஒருமுறை ஆணியால் நெம்பி எடுத்த ஏழெட்டு மணிகளைத் தீப்பெட்டியில் போட்டுக் கடைத்தெருப் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் லென்ஸைச் சொருகி ஒவ்வொன்றாகத் திருப்பினார். “கல் சரியான கல்தான் தம்பி. ஆனால் உள்ளே பார், முழுக்க விரிசல். பட்டை தீட்ட வைத்தால் பொடியாகிவிடும்” என்று தீப்பெட்டியை மூடிக் கொடுத்தார். அது கார்னெட் என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பெயருக்கும் லத்தீன் மொழியில் மாதுளையைக் குறிக்கும் சொல்தான் வேர் என்று படித்தபோது, அந்தத் தீப்பெட்டியை எங்கே தொலைத்தேன் என்று நெடுநேரம் யோசித்தேன்.

பெரியவர்களின் கனிமவியல் காதில் இருந்தது. பாட்டிக்கு அம்மி விற்றவர் சொன்னதாக எங்கள் வீட்டில் ஒரு வாசகம் உண்டு: “தட்டிப் பாருங்கள் அம்மா. வெண்கலமாகக் கேட்டால் எடுங்கள், மண்சட்டியாகக் கேட்டால் வைத்துவிடுங்கள்.” ஸ்தபதிகளிடம் இதன் விரிந்த வடிவம் இருக்கிறது. மணியோசை வருவது ஆண் கல், தாளவோசை வருவது பெண் கல், ஓசையே இல்லாதது இரண்டுமில்லாதது என்று பிரித்து, எதில் எந்தச் சிலை வடிப்பது என்பது வரை வகுத்திருக்கிறார்கள். கல்லுக்குள் தேரை இருக்கும் என்பதும் அந்த உலகத்துப் பேச்சுத்தான். கல்லினுள் தேரைக்கும் கருப்பை உயிருக்கும் படியளப்பவன் என்று கடவுளைச் சொல்கிறோமே, அந்தத் தேரைக்குக் கல் தச்சரிடம் வேறு வேலை. உள்ளே மறைந்திருக்கும் வெற்றிடத்தையும் விரிசலையும் சுட்டும் பெயர் அது. உளி வைப்பதற்கு முன்பே காது அதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கட்டம் போட்ட லுங்கி

என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன நண்பர், ஒரு சனிக்கிழமை தம் கல்லூரி ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். “பெயரைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம், முதலில் கல்லைப் பாருங்கள்” என்றார். நான் நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற கல் அது. இருந்தாலும் போனேன்.

முதலில் கையில் ஒரு சில்லைக் கொடுத்தார். மேல் தோல் பழுப்பாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வெயிலும் மழையும் தின்றது. உடைந்த பக்கம் கரும்பச்சை, அதன் மேல் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கம். “எதனால் கறுப்பு என்று நினைக்கிறீர்கள்?” என்றார். கறுப்புக் கனிமத்தால் என்றேன். சிரித்தார். இந்தக் கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற இரண்டு கனிமங்கள்தான். சாதாரண கிரானைட்டில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும் அதே இரண்டும் இங்கே நீலம் பாய்ந்தும் பச்சை கலங்கியும் இருண்டு கிடக்கின்றன. குவார்ட்ஸுக்குள் மயிரிழையைவிட மெல்லிய ஊசிகள் இருந்து ஒளியைச் சிதறடித்தால் நீலம் காட்டும். கிரஷரில் அரைத்தால் அந்த இருள் போய்விடும். வீடு கட்டுகிற இடத்தில் குவிந்து கிடக்கும் எம்-சாண்ட் வெளிறிய சாம்பல் நிறமாக இருப்பதைத் தினமும் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

பிறகு கண்ணாடிச் சில்லு. பாறையை அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துவிடுகிறார்கள். அந்தக் கனத்தில் கருங்கல் ஒளி புகும் பொருளாகிவிடுகிறது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். நிறமில்லாத வயல்வெளிபோல இருந்தது. நடுவில் ஒரே ஒரு மணி, இளம் ரோஜா நிறத்தில். “மேடையைத் திருப்புங்கள்” என்றார். கண்ணை எடுக்காமல் வட்ட மேடையை மெல்லத் திருப்பினேன். ரோஜா வெளுத்தது, சாம்பலானது, பிறகு பச்சையானது. வாழைக்குருத்தின் பச்சை. திருப்பிக்கொண்டே போனால் மறுபடி ரோஜா. நான் எத்தனை தடவை திருப்பினேன் என்று தெரியாது. நண்பர் தேநீர் வாங்கிவரப் போய்த் திரும்பியும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பாட்டி மிளகாய் அரைத்த கல்லுக்குள் இந்த நிறம் இருந்திருக்கிறது. அது யாருக்கும் தெரியாமலே மூன்று தலைமுறை அதன் மேல் துவையல் அரைபட்டிருக்கிறது.

அந்த மணியின் பெயர் ஹைப்பர்ஸ்தீன். இன்னொரு ஒளித்தகட்டைக் குறுக்கே செருகியதும் வயல்வெளி இருண்டு வேறு காட்சி எழுந்தது. மைக்ரோக்ளைன் என்ற ஃபெல்ட்ஸ்பார் அச்சு அசலாகக் கட்டம் போட்ட லுங்கி. குவார்ட்ஸ் மணிகளில் மேடை திரும்பத் திரும்ப மேகநிழல்போல இருள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்ந்தது. பூமிக்குள் அழுத்தப்பட்டு முறுக்கேறியதன் தழும்பு அது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கறுப்பாகவே இருந்தவை மேக்னடைட், இல்மனைட் என்ற இரும்பு கலந்த கனிமங்கள். ஓரத்தில் கடுகைவிட எத்தனையோ மடங்கு சிறிதாக, பளிச்சென்று சிர்க்கான் என்ற கனிமத்தின் ஒரு மணி. கடிகாரமே அதுதான் என்றார். அதற்குள் அடைபட்ட யுரேனியம் ஈயமாக மாறிய கணக்கைக் கொண்டுதான் சென்னைப் பக்கத்துச் சார்னோக்கைட்டுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள்.

ஹைப்பர்ஸ்தீன் ஏன் முக்கியம் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் இன்னும் என்னை விடவில்லை. காக்காப்பொன்னின், அதாவது மைக்காவின், அணுக்கட்டுமானத்துக்குள்ளேயே நீரின் கூறு இருக்கிறது. பூமிக்குள் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரிச் சூட்டில், கருப்பு மைக்காவால் அந்த நீரைப் பிடித்துவைக்க முடிவதில்லை. அது சிதைந்து ஹைப்பர்ஸ்தீனும் ஃபெல்ட்ஸ்பாருமாக மாறுகிறது. அதாவது இது நீர் பிழிந்தெடுக்கப்பட்ட கல். அத்தனை ஆழத்தில் வெந்தது மேலே இருந்த பாரமெல்லாம் அரித்துப்போனதால் இன்று திரிசூலத்தில் விமானங்களுக்குக் கீழே நிற்கிறது. 2017லும் 2019லும் சென்னை தவித்தபோது சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்களே, அப்போது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மணிகள் ஒன்றோடொன்று பல்லைக் கோத்ததுபோல இறுகிய பாறை தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அதனால்தான் கல் எடுத்த பள்ளம் குளமாக நிற்கிறது.

இனிப் பெயர் விவகாரம். ஹைப்பர்ஸ்தீன் என்றால் கிரேக்கத்தில் ‘மிகுந்த வலு’. அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தைவிடக் கடினமானது என்பதற்காக வைத்தது. 1988இல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் ஹைப்பர்ஸ்தீன் அடங்கிய பைராக்சீன் என்ற கனிமக் குடும்பத்தின் பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மக்னீசியம் மிகுந்தால் என்ஸ்டடைட், இரும்பு மிகுந்தால் ஃபெரோசிலைட், அவ்வளவுதான். சார்னோக்கைட்டைச் சார்னோக்கைட் ஆக்கிய கனிமத்துக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயர் போய்விட்டது. கம்பெனிக்காரரின் பெயர் பத்திரமாக இருக்கிறது. இதைக் கேட்டதும் என் பழைய கோபம் உற்சாகமாக எழுந்து உட்கார்ந்தது.

கல்லில்லாத ஊர்

பிறகு ஒரு வேலையாகக் கொல்கத்தா போனேன். மாலையில் புனித ஜான் தேவாலய வளாகத்துக்குள் நுழைந்தேன். அங்கே எண்கோண மண்டபம் ஒன்று, சார்னாக்கின் மருமகன் கட்டியது. உள்ளே அந்தப் பலகைக்கல். லத்தீன் எழுத்துகள். கீழே அவருடைய மகளுக்கும் சேர்த்துச் சில வரிகள். நான் மனத்துக்குள் ஒரு முழு வழக்கு வாதத்தோடு போயிருந்தேன். அந்தக் கறுப்பை, அந்த எண்ணெய் மினுக்கத்தைப் பார்த்ததும் வாதம் வரவில்லை. வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் நம் தெருக்காரரைக் கண்டதுபோல இருந்தது. அவருக்கும் நமக்கும் ஊரில் பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் அங்கே சிரித்துவிடுவோமே, அப்படி.

வெளியே வந்து தேநீர்க் கடையில் நின்றபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த ஊரில் கல் இல்லை. நடைபாதை, சுவர், ஆற்றங்கரை எங்கேயும் அந்த மண்ணுக்கே உரிய பாறை ஒன்று தலைகாட்டவில்லை. கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. பழைய கட்டடங்கள் எல்லாம் செங்கல். அங்கே ஒரு கருங்கல் பலகை கிடந்தால் அது கேள்விதான்: நீ எங்கிருந்து வந்தாய்? 1893இல் அந்தக் கேள்வியைக் கேட்டவர் தாமஸ் ஹாலண்ட். நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த, இருபத்தைந்து வயதைத் தொட்ட இளைஞர். கல்லறைக்கல்லின் கனிமங்களை ஆராய்ந்து, சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பாறையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்றார். தன்னையறியாமலே இந்தப் பாறையின் மாதிரியை அன்றைய தலைநகரான கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பதால் சார்னாக்கின் பெயரை முன்மொழிந்தார். கொஞ்சம் குறும்பான மரியாதை என்றுதான் எனக்குப் படுகிறது. கல்கத்தாவை நிறுவியவர் என்ற பட்டத்தை 2003இல் அங்குள்ள உயர்நீதிமன்றமே சார்னாக்கிடமிருந்து எடுத்துவிட்டது. ஊர் போய்விட்டது, கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

என் கோபத்தில் ஒரு பொத்தல் விழுந்தது அங்கேதான். பல்லாவரத்தில் இந்தக் கல்லை யாரும் கேள்வி கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாமே அதுதான். வாசற்படி, துவைக்கிற கல், கிணற்றுத் திட்டு, கோயில் தூண், மாட்டுத்தொட்டி. ஹாலண்டுக்கு முப்பது ஆண்டுகள் முன்பு, 1863 மே 30 அன்று, இதே பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குனிந்து எடுத்தாரே பழைய கற்காலக் கோடரி, அதுகூடக் குவார்ட்சைட் என்ற வேறு கல். இந்தக் கருங்கல் கூர்மையாகப் பெயராது, பொரபொரவென்று உடையும். கோடரிக்கு ஆகாத கல் என்பது அந்த ஆதி மனிதர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கல்லை விட்டு விலகிப் போனால்தான் அது கண்ணில் படும்போலிருக்கிறது. நானும் கொல்கத்தா வரை போக வேண்டியிருந்ததே. பெயர் சரி என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்யாண வீடுகளில் புலம்புவதை நிறுத்திவிட்டேன், சாம்பார் வாளிக்காரர்களுக்கு அதில் நிம்மதி.

போன மாதம் தெருவில், “அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா” என்று குரல் கேட்டது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு கேட்ட குரல். நான்தான் முதலில் வாசலுக்கு ஓடினேன். அறுபது வயதிருக்கும், தோளில் சாக்குப் பை, உள்ளே நாலு உளியும் ஒரு சின்னச் சுத்தியும். கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனேன். அவர் அம்மியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், உட்கார்ந்தார், உளியின் பின்பக்கத்தால் இரண்டு இடத்தில் தட்டினார். “பல்லாவரத்துக் கல்லா?” என்றார்.

“எப்படித் தெரிந்தது ஐயா?”

“இப்போது வருவதெல்லாம் இந்த மாதிரி பேசாது” என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். நான் அவரிடம் நுண்ணோக்கியைப் பற்றியோ கல்கத்தாவைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. புள்ளி புள்ளியாக, வரிசை தப்பாமல், குழியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உளி நகர்ந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு சிட்டிகை வெளிறிய தூள் எழுந்து அடங்கியது. மகள் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிவைத்திருந்த காந்தத்தை எடுத்துவந்து அந்தத் தூளுக்குள் புரட்டினாள். கறுப்பாக, மெல்லிய மீசைபோல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. “உளியிலிருந்து உதிர்ந்த இரும்பு” என்றார் பெரியவர். பாதி அதுவாக இருக்கலாம். மீதி மேக்னடைட் என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை.

இருநூறு ரூபாய் கேட்டார். அம்மா நூற்றைம்பதில் ஆரம்பித்து இருநூறே கொடுத்தார். அவர் போன பிறகு அம்மியை மூன்று முறை கழுவி, கல் கடிக்காமலிருக்க முதலில் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்தார். சாம்பல் நிறமாகத் திரண்டு வந்த மாவை வழித்துத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, இன்னொரு பிடி அரிசி எடுத்துவரச் சொன்னார்.